வீடு கொடுப்பது என்றால் எதைக் கொடுப்பது?

வீடில்லாத குடும்பத்துக்கு வீடு தருவது அரசின் கடமை என்பதை இந்தியாவில் இன்று எந்தக் கட்சியும் மறுப்பதில்லை. ஆனால் வீடு தருவது என்றால் எதைத் தருவது என்பதில் சுதந்திரம் வந்த நாளிலிருந்து தெளிவு இல்லை. சுவரும் கூரையும் ஒன்று. அவை நிற்கும் மண் வேறொன்று. இந்த இடத்தைவிட்டுப் போ என்று யாரும் சொல்ல முடியாத நிலை மூன்றாவது. முதலாவதைக் கொடுத்துவிட்டு மூன்றாவதைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள அரசால் முடியும். இந்திய வீட்டுவசதிக் கொள்கையின் வரலாற்றில் பல கட்டங்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

பழைய அறமரபில் இதற்கு நேரான விடை தேடினால் கிடைப்பது குறைவு. பசித்தவருக்குச் சோறிடுவதைத் தமிழ் மரபு அறங்களின் உச்சியில் வைத்தது. வழிப்போக்கருக்குச் சத்திரம், சாவடி, திண்ணை என்று ஏற்பாடு செய்தது. ஆனால் அவை ஓரிரவு தங்கிப் போவோருக்கானவை. நிலையாகக் குடியிருக்க இடமே இல்லாத குடும்பம் என்ன செய்யும் என்பதை அந்த மரபு அவ்வளவாகப் பேசவில்லை. விருந்தோம்பலில் கொடுப்பவர் வீட்டுக்குள் இருக்கிறார், பெறுபவர் வாசலில் நிற்கிறார். திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரமும் இல்லறத்தானைப் பிறரைத் தாங்குபவனாகவே காண்கிறது. இதைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் முக்கியமான ஒன்று புலப்படுகிறது. வீடு என்பது பிறருக்குச் செய்வதற்கான நிலை. அது இல்லாதவர் ஒதுங்க நிழலில்லாமல் தவிப்பதோடு, அறம் செய்யும் இடத்திலிருந்தே விலக்கப்பட்டு நிற்கிறார். துறவுக்கும் இது பொருந்தும். துறப்பதற்கு முதலில் ஒரு வீடு இருக்க வேண்டும்.

வீட்டுக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள தொடர்பு சென்னை மாகாணத்தில் அரசின் கோப்புகளுக்குள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். செங்கல்பட்டு மாவட்டத்தில் சேரி மக்கள் குடியிருந்த மனைகள் பெரும்பாலும் மிராசுதார்களின் பிடியில் இருந்தன. குடிசையைக் கட்டியது குடியிருப்பவர், மண் அவருடையதல்ல. கூலி போதாது என்று சொன்னாலோ, வேறு ஊரில் வேலை தேடினாலோ, மதம் மாறினாலோ குடிசையைக் காலிசெய்யச் சொல்ல முடிந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இந்த மக்களின் நிலையை விவரித்தது. மனைக்கு உரிமை இல்லாமை அதில் எடுத்துச் சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று. 1920களில் மாகாணத்தின் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வீட்டு மனைகள் வாங்கித் தரத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் செங்கல் முக்கியமல்ல, மனைதான் முக்கியம். குடிசை அதே குடிசையாக இருந்தாலும், மறுநாள் காலையில் பண்ணையார் போகச் சொல்ல முடியாது என்பதே அங்கே கொடுக்கப்பட்ட பொருள். தஞ்சை வயல்வெளிகளில் பண்ணையாட்கள் குடியிருந்த மனைகளை அவர்களுக்கே உடைமையாக்கிய 1971ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் குடியிருப்புச் சட்டமும் இதே தர்க்கத்தில் அமைந்தது. பின்னால் வந்த எத்தனையோ கோடி ரூபாய்த் திட்டங்களைவிட இந்த இரண்டும் கேள்வியின் வேருக்கு அருகில் போயின.

சுதந்திர இந்தியாவின் முதல் வீட்டுப் பிரச்சினை பிரிவினையில் பிறந்தது. மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் 70 லட்சத்துக்கு மேற்பட்டோர் அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். ஃபரிதாபாத், நிலோக்கேரி போன்ற ஊர்கள் அவர்களுக்காக உருவாயின. அகதிகளே உழைத்துக் கட்டிய ஊர்கள் அவை. அங்கே குடியேறியவர்களை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லவில்லை. இழந்தவருக்கு ஈடுசெய்யும் பொறுப்பு தேசத்துக்கு உண்டு என்பதில் ஐயம் இருக்கவில்லை. அதே ஆண்டுகளில் வறட்சியாலும் வேலையின்மையாலும் நகரங்களுக்கு வந்த கிராமத்து ஏழைக்கு அந்தப் பார்வை கிடைக்கவில்லை. எல்லை ஒன்றைக் கடந்து வந்தவர் அகதி, மாவட்டம் கடந்து வந்தவர் ஆக்கிரமிப்பாளர் என்ற இந்தப் பாகுபாட்டுக்கு அறத்தின் பக்கத்திலிருந்து யாரும் நியாயம் சொன்னதில்லை.

1952இல் ஆலைத் தொழிலாளருக்கான மானிய வீட்டுத் திட்டம் வந்தது. 1954இல் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் 1957இல் கிராமங்களுக்கும் தனித் திட்டங்கள் வந்தன. உற்பத்திக்கு உழைக்கும் கை என்ற அளவில் தொழிலாளிக்கு வீடு என்பது முதல் ஐந்தாண்டுத் திட்டங்களின் கணக்கு. 1956ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டம் வேறொரு பார்வையிலிருந்து வந்தது: மனிதர் வசிக்கத் தகுதியற்ற கட்டடங்களை அடையாளம் காண்பதும் மேம்படுத்துவதும் அகற்றுவதும் அதன் வேலை. கட்டடத்தின் தகுதியை அளக்க அதில் வழியிருந்தது. அங்கே வாழ்ந்தவர் பிறகு எங்கே போவார் என்பதற்குச் சட்டத்தில் உறுதியான பதில் இல்லை.

தமிழ்நாட்டில் 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டு அதற்கான சட்டம் வந்தது. ஏழையின் சிரிப்பில் கடவுளைக் காண்பது என்ற அண்ணாவின் கருத்தை வாரியம் தன் முழக்கமாக எடுத்துக்கொண்டது. பகுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்த ஓர் அரசு தன் அலுவலக வாசலில் கடவுளைப் பற்றி எழுதிவைத்தது என்றால், அந்தக் கடவுள் கோயிலில் இல்லை, குடிசையில் இருக்கிறார் என்ற துணிவோடுதான். வள்ளலார் முதல் விவேகானந்தர் வரை பலர் வெவ்வேறு வழிகளில் சொன்ன எண்ணம் இது. அதை அரசுத் துறை ஒன்றின் கொள்கையாக்கியது பெரிய காரியம். ஆயினும் அதில் ஒரு சிக்கல் உண்டு. சிரிப்பு என்பது கொடுப்பவர் பார்த்து மகிழ்வது. உரிமையோடு பெறுபவர் யாருக்கும் சிரித்துக் காட்ட வேண்டியதில்லை, முறைத்துக்கொண்டும் பெறலாம். கொடையின் மொழியிலிருந்து உரிமையின் மொழிக்கு வாரியம் முழுதாக இடம்பெயரவில்லை என்பது பின்னால் நடந்தவற்றில் தெரிந்தது.

வாரியத்தின் முதல் ஆண்டுகளைக் குறைசொல்ல முடியாது. குடிசைகள் இருந்த இடத்திலேயே, அல்லது அதை ஒட்டியே, மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. மெரினாவை அடுத்த நொச்சிக்குப்பத்து மீனவர் கடலைவிட்டு விலகாமல் வீடு பெற்றார்கள். தொழிலும் வாழிடமும் பிரியாமல் இருந்ததே அந்தக் கட்டடங்களின் சிறப்பு. ஆனால் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவில் எல்லாக் குடிசைகளையும் மாற்றுவது இயலாது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் உலக அளவில் ஒரு மாற்றுச் சிந்தனை வலுப்பெற்றது. பெரு நாட்டில் மலைச்சரிவுகளில் ஏழைகள் தாமே கட்டிக்கொண்ட குடியிருப்புகளோடு பணியாற்றிய ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் ஜான் டர்னர், வீட்டை அதன் தோற்றத்தால் மதிப்பிடக்கூடாது, குடியிருப்பவர் வாழ்க்கைக்கு அது என்ன செய்கிறது என்பதால் மதிப்பிட வேண்டும் என்று வாதிட்டார். இந்த வழியில் போனால் ஏழை வெறுமனே பெறுபவர் அல்லர். தன் வீட்டைத் தானே முடிவுசெய்யும் ஆற்றல் உள்ளவர். 1977இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய சென்னை நகர மேம்பாட்டுத் திட்டம் இந்தச் சிந்தனையில் பிறந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகள் பிரிக்கப்பட்டன; சாலை, குடிநீர், கழிவுநீர், மின்சாரம் ஆகியவற்றை அரசு செய்துகொடுத்தது; வீட்டைக் குடும்பங்கள் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டன. முதலில் ஓர் அறை, பிறகு தளம், மகன் வேலைக்குப் போனதும் மாடி, மாடியில் ஒரு வாடகைக் குடித்தனம். பெரிய மனையும் சிறிய மனையும் ஒரே வரைபடத்தில் இருந்ததால் வெவ்வேறு வருமானத்தினர் அருகருகே வந்தார்கள். இன்று அரும்பாக்கம் மெட்ரோ நிலையத்தோடு நகரத்தின் இயல்பான ஒரு பகுதி. அரசுத் திட்டத்தில் முளைத்த இடம் என்பதே பலருக்குத் தெரியாது. அரசு குறைவாகக் கட்டியும் மக்கள் நிறைவாகப் பெற்ற இந்த முறை பெரிய அளவில் தொடரப்படாமல் போனது இந்தக் கதையின் ஆகப்பெரிய இழப்பு. திறப்பு விழாவில் காட்டுவதற்குக் கட்டடம் இல்லாத திட்டம் அது.

மண் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் கொள்கை வகுத்தவர்கள் சுற்றிப் போனாலும் தத்துவத்தில் அது பழைய கேள்வி. பதினேழாம் நூற்றாண்டில் ஜான் லாக், யாருக்கும் சொந்தமில்லாத மண்ணோடு ஒருவர் தன் உழைப்பைக் கலந்தால் அது அவருடையதாகிறது என்றார். மற்றவருக்கும் போதிய அளவு மிச்சம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மும்பையின் தாராவி சதுப்பு நிலமாக இருந்தது. சௌராஷ்டிரத்துக் குயவர்களும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தோல் பதனிடும் தொழிலாளரும் வந்து குடியேறிய அந்தச் சேற்றைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கியது அங்கே வாழ்ந்தவர்களின் உழைப்பு. லாக்கின் அளவுகோலை நேர்மையாக வைத்தால் இதைவிடத் தெளிவான உடைமை கிடைக்காது. சட்டமோ அந்த அளவுகோலை ஏற்கவில்லை. இன்னொரு பக்கத்தில், பெருநகரங்களில் ஒருவர் 500 சதுர மீட்டருக்கு மேல் காலி மனை வைத்திருக்கக்கூடாது என்று 1976இல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. உபரி என்று கண்டறியப்பட்ட நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட அரசின் கைக்கு வந்து சேரவில்லை. 1999இல் சட்டம் நீக்கப்பட்டது.

நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்தது 1985இல் தீர்ப்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில். நடைபாதையில் வசித்தவர்களை பம்பாயைவிட்டு வெளியேற்றுவதாக மகாராஷ்டிர அரசு 1981இல் அறிவித்ததை எதிர்த்த வழக்கு அது. மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத விவசாயக் கூலி. ஊரில் வறட்சியால் வேலை போய் 1961இல் பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர். நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய ஒரு மறைப்புக்காக அந்தப் பகுதியின் தாதா ஒருவருக்குப் பணம் கொடுத்து, மனைவி மக்களோடு வாழ்ந்துவந்தார். வழக்கில் பேசப்பட்ட குடிசைப் பகுதிகளில் ஒன்றின் பெயர் காமராஜ் நகர். நடைபாதையில் இருக்கவும் விலை உண்டு, அந்த விலை அரசுக்குப் போகாமல் தாதாவுக்குப் போகிறது என்பதைத் தீர்ப்பின் பக்கங்களே பதிவுசெய்தன.

ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்றது. வேலை இருக்கும் இடத்துக்கு அருகில் வாழ முடியாவிட்டால் வேலை போகும், வேலை போனால் வாழ்வு போகும் என்ற எளிய சங்கிலிதான் அதன் அடிப்படை. இந்திய நீதித்துறை எழுதிய உயர்ந்த சிந்தனைகளில் ஒன்று அது. அதே தீர்ப்பு, முறையாக அறிவிப்புக் கொடுத்துவிட்டு, மழைக்காலம் கழிந்த பின் அகற்றலாம் என்றும் அனுமதித்தது. கொள்கை ஒரு கரையிலும் ஆணை மறு கரையிலும் நின்றன. 1990களில் சமேலி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறைவிட உரிமையை உயிர்வாழும் உரிமையின் பகுதியாக விரித்துச் சொன்னது. தலித் மக்களின் வீடுகளுக்காக நிலம் எடுக்கப்பட்டதை நில உடைமையாளர் எதிர்த்த வழக்கு அது. 2000இல் அல்மித்ரா பட்டேல் வழக்கில் காற்று திசைமாறியது. பொது நிலத்தில் குடியேறியவருக்கு இலவச மாற்று இடம் தருவதை பிக்பாக்கெட் அடித்தவனுக்குப் பரிசு தருவதோடு அந்தத் தீர்ப்பு ஒப்பிட்டது. சந்தையில் வாங்கக்கூடிய விலையில் ஓர் அறைகூட இல்லாத நகரத்தில், இருப்பதற்கே இடமெடுப்பதும் பிறர் பையில் கைவிடுவதும் எப்படி ஒன்றாகும் என்பதை அந்த ஒப்பீடு விளக்கவில்லை.

இதற்கிடையே அரசின் பங்கு பற்றிய எண்ணமும் மாறியிருந்தது. 1970இல் வீட்டுவசதிக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான ஹட்கோ, 1988இல் தேசிய வீட்டுவசதி வங்கி, 1994இல் தேசிய வீட்டுவசதிக் கொள்கை என்று வந்த பாதையில், கட்டிக்கொடுப்பவராக இருந்த அரசு கடன் கிடைக்க வழிசெய்பவராக ஆனது. நடுத்தர வர்க்கத்துக்கு இதனால் கிடைத்தது அதிகம். சம்பளச் சீட்டு உள்ளவர் ஓய்வுபெறும் வயதுக்குக் காத்திராமல் முப்பதிலேயே வீடு வாங்கினார். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கியின் கதவு திறக்கவில்லை. தவணை தவறினால் நீதிமன்றம் போகாமலே வீட்டைக் கையகப்படுத்த 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் வங்கிகளுக்கு வழிவிட்டது. பத்திரம் உள்ளவரிடமும் போ என்று சொல்ல இப்போது ஒருவர் இருந்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகர்ப்புறங்களில் மட்டும் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. மறு ஆண்டு மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1 கோடியே 88 லட்சம் என்று கணித்தது. அதில் 95 சதவீதத்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் உரியது. முதலீடாக வாங்கிப் பூட்டிய வீடும் குடியிருக்க வீடில்லாத குடும்பமும் ஒரே நகரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

மும்பையில் 1995இல் தொடங்கிய குடிசைப் பகுதி மறுசீரமைப்புத் திட்டம் சந்தையையே கொடையாளியாக்கப் பார்த்தது. கட்டுநர் குடிசைவாசிகளுக்கு இலவசமாக வீடு கட்டித் தருவார். பதிலுக்குக் கூடுதலாகக் கட்டி விற்கும் அனுமதி பெறுவார். யாருக்கு வீடு என்பதை ஒரு தேதி முடிவுசெய்தது: 1995 ஜனவரி 1, பின்னர் 2000 ஜனவரி 1. அதற்கு முந்தைய நாள் வரை வந்தவர் தகுதியுடையவர், அடுத்த வாரம் வந்தவர் தகுதியற்றவர். நிர்வாகத்துக்குக் கோடு ஒன்று தேவை என்பது உண்மையே. ஆனால் மனிதராய்ப் பிறந்ததால் வரும் உரிமை என்று நீதிமன்றம் சொன்ன ஒன்று நாட்காட்டியைப் பார்த்து வந்துபோகுமானால் அதை உரிமை என்பது கடினம்.

சென்னையில் மாற்றம் வேறு வடிவில் வந்தது. 2000இல் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டித் துரைப்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியத்தின் மறுகுடியமர்வுக் குடியிருப்பான கண்ணகி நகர் தொடங்கியது; 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள், குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பின், ஆயிரக்கணக்கில் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். குடிசையோடு ஒப்பிட்டால் வீடு வீடுதான்: கான்கிரீட் சுவர், உள்ளேயே கழிப்பறை, சமையலறை, மின் இணைப்பு. ஆனால் மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிய பெண்ணுக்கு அந்த நான்கு வீடுகள் நடக்கும் தொலைவில் இருந்தன. காலை ஆறரைக்கு முதல் வீட்டு வாசலில் நின்று, இடையில் வந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மீண்டும் போக முடிந்தது. கண்ணகி நகரிலிருந்து அதே ஆறரைக்கு அங்கே நிற்க, விடியுமுன் பேருந்து பிடிக்க வேண்டும். இடையில் வீடு திரும்ப முடியாது. சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021இல் வந்த ஏற்பாடு செலவைக் குறைத்தது, நேரத்தைத் திருப்பித் தரவில்லை. முகவரியைப் பார்த்தே வேலை மறுக்கப்படுவதாக அங்குள்ள இளைஞர்கள் சொல்லிவருகிறார்கள்.

1979இல் சமத்துவம் பற்றிய உரையில் அமர்த்தியா சென் கேட்டது எதில் சமத்துவம் என்று. ஒருவரிடம் இருக்கும் பொருளை எண்ணிப் பயனில்லை, அதை வைத்து அவரால் என்ன செய்யவும் எப்படி வாழவும் முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். கண்ணகி நகர் அந்த வாதத்துக்குக் கண்கூடான சான்று. பொருள் கூடியிருக்கிறது; இயலுவது குறைந்திருக்கிறது.

ஆற்றங்கரையில் யாரும் குடியிருக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. நீர் போகும் வழி எல்லோருக்கும் பொது. வெள்ளம் வந்தால் முதலில் உயிர்விடுவது கரையில் இருப்பவர். ஆனால் அகற்றுவதற்கு வெள்ளம் காரணமென்றால், கொண்டுபோய்க் குடியேற்றிய இடம் தாழ்வான சதுப்பு நிலப் பகுதியாக இருந்திருக்கக்கூடாது. செம்மஞ்சேரியில் தண்ணீர் புகுவது மழைக்கால வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி எழுந்த பெரிய அலுவலகக் கட்டடங்களிடம் யாரும் அதே கண்டிப்போடு பேசவில்லை. 2021இல் குடிசை மாற்று வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஒதுக்கீட்டு ஆணையோடு குடியிருப்போர் பலர் இன்னும் கிரயப் பத்திரத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

கிராமப்புறத்தில் 1985இல் தொடங்கிய இந்திரா வீட்டுவசதித் திட்டம் 1996 முதல் தனித் திட்டமாகி, 2016இல் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டமாக உருமாறியது. 2.95 கோடி வீடுகள் அதன் முதல் இலக்கு. சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1.2 லட்சம் ரூபாய். தமிழ்நாடு அரசு கான்கிரீட் கூரைக்கென்று மேலும் ஒரு தொகை சேர்க்கிறது. அடித்தளம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டத்திலும் செல்பேசிச் செயலியில் படம் ஏற, தவணை வங்கிக் கணக்குக்கு வருகிறது. இடைத்தரகர் குறைந்தது நல்லதே. வீடு பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்ற விதி அதைவிட நல்லது. கணவன் கோபத்தில் போ என்று சொன்னால் போக வேண்டிய நிலையிலிருந்து எத்தனையோ பெண்களை அது காக்கிறது. ஆனால் திட்டம் மனை உள்ளவருக்கே எளிது. மனையே இல்லாதவர் பட்டியலில் பெயர் வந்தும் காத்துக்கிடக்கிறார்.

யார் பக்கத்தில் யார் வீடு என்ற கேள்வியைத் தொட்ட திட்டம் இந்தியாவில் அரிது. 1990களின் இறுதியில் தமிழ்நாட்டில் தொடங்கிய பெரியார் நினைவுச் சமத்துவபுரங்கள் அந்த அரிதானவற்றில் ஒன்று. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள். 40 ஆதிதிராவிடருக்கு, மீதி மற்றச் சாதியினருக்கு. அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு சாதிக்கு. ஊரும் சேரியும் தனித்தனியாக இருப்பதை வீட்டுத் திட்டம் வழியாகவே உடைக்கப் பார்த்த முயற்சி அது. மற்றத் திட்டங்களில் பெரும்பாலானவை காலனி வீடுகளைக் காலனியிலேயே கட்டி, பழைய பிரிவினையைக் கான்கிரீட்டில் உறுதிப்படுத்தின.

கடந்த சில ஆண்டுகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டை இயந்திரம் கொண்டு இடிக்கும் வழக்கம் சில மாநிலங்களில் பரவியது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடைக்கோடு போட்டது: 15 நாள் அறிவிப்பு இல்லாமல் இடிக்கக்கூடாது, ஒருவர் மேலுள்ள குற்றச்சாட்டுக்குக் குடும்பம் முழுவதையும் தெருவில் நிறுத்துவது கூட்டுத் தண்டனை. வீடு சுவர்களின் தொகுப்பல்ல, அதில் வாழும் குழந்தையும் முதியவரும் சேர்ந்ததே வீடு என்ற புரிதல் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. சாலையிலும் நீர்நிலையிலும் உள்ள கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது. ஏழைகளின் வீடுகள் பல இருப்பது அங்கேதான்.

வாடகைக்கு இருப்போரைக் கொள்கை கவனித்தது மிகத் தாமதமாக. 2020 ஊரடங்கில் லட்சக்கணக்கான தொழிலாளர் நகரங்களைவிட்டு நடந்தே ஊர்போன பிறகு, அந்த ஜூலையில் மலிவு வாடகை வீட்டுத் திட்டம் வந்தது. முந்தைய திட்டங்களில் கட்டி ஆளில்லாமல் கிடந்த அரசு வீடுகளையும் அதற்குப் பயன்படுத்தச் சொன்னார்கள். 2024இல் தொடங்கிய, பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வாடகை வீடு நான்கு பிரிவுகளில் ஒன்றாகியிருக்கிறது. நகரத்துக்கு உழைக்க வரும் இளைஞருக்கு முதலில் தேவைப்படுவது இதுதான். ஆனால் எத்தனை மாதம் இருக்கலாம், எப்போது காலிசெய்ய வேண்டும் என்பதை அங்கே ஒப்பந்தக் காலமே முடிவுசெய்கிறது.